வெட்டாமல் விட்ட ஆறு சென்டிமீட்டர்

(சிங்கப்பூர், தேக்காவில் ஒரு ஞாயிறு மாலை, மரப் பராமரிப்பு ஊழியர்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஞாயிற்றுக்கிழமை மாலை உங்களுக்கு எவ்வளவு அருமையான நேரம் என்று எனக்குத் தெரியும். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும், சிராங்கூன் சாலையில் சாமான் வாங்க வேண்டும், ஊர்க்காரர்களைப் பார்க்க வேண்டும், வீட்டுக்குப் பேச வேண்டும். அத்தனையையும் தள்ளி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். முன்வரிசையில் மரவேலை பார்க்கும் தம்பிகள் இருக்கிறீர்கள். பின்னால் மரங்களின் மேல் ஆசையால் வந்த ஐயாமார்களும் அம்மாமார்களும் இருக்கிறீர்கள். இரண்டு தரப்புக்கும் விளங்கும்படி பேசப் பார்க்கிறேன்.

நான் பேராவூரணிப் பக்கத்துக்காரன். இந்தத் தீவில் 26 ஆண்டு மரவேலை பார்த்தேன். முதலில் கிளை பொறுக்கினேன், பிறகு கயிறு பிடித்தேன், பிறகு செயின்சா எடுத்தேன், கடைசியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றேன். இத்தனை ஆண்டில் நான் கற்றதை ஒரே வரியில் சொல்லச் சொன்னால், மரம் பத்திரமாக விழுவது நாம் வெட்டாமல் விட்டு வைக்கும் கட்டையால்தான் என்பேன். இன்றைக்கு நான் பேசப்போவது முழுக்க அந்தக் கட்டையைப் பற்றியும், அதற்குத் துணையாக நிற்கும் கயிற்றைப் பற்றியும்தான்.

திருவாரூர்த் தேரோட்டம் பார்த்தவர்கள் இங்கே நிச்சயம் இருப்பீர்கள். 96 அடி உயரம், ஏறக்குறைய 300 டன் எடை. ஆயிரக்கணக்கான பேர் வடம் பிடிக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு வடம்தான் தெரியும். வடம் பிடிப்பவர்களுக்கோ தேர் எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்பதே தெரியாது. சக்கரத்தடியில் குனிந்தபடி முட்டுக்கட்டை போடும் நாலைந்து பேருக்குத்தான் அது தெரியும். கட்டையை எந்தச் சக்கரத்துக்கு, எந்தக் கோணத்தில் போடுகிறார்களோ, அந்தப் பக்கம் தேர் திரும்பும். இப்போது திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்த இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்துவிட்டன. ஆனாலும் முட்டுக்கட்டைக்காரர் இல்லாமல் தேர் ஓடாது.

மரத்தைச் சாய்ப்பதும் இதே கணக்குதான். இழுக்கிற வேலை வடத்துக்கு, திசை காட்டுகிற வேலை கீலுக்கு. கதவுக்குக் கீல் இருப்பது போல, சாயும் மரத்துக்கும் அடியில் ஒரு கீல் இருக்க வேண்டும். அந்தக் கீலை யாரும் கடையில் வாங்கி மாட்டுவதில்லை. மரத்தின் சொந்த நாரிலேயே, வெட்டாமல் விட்டு, நாம் செய்கிறோம். இந்த வேலை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

ஒரு மரத்தை எடுத்துக்கொள்வோம். 18 மீட்டர் உயரம், அடியில் 60 சென்டிமீட்டர் விட்டம். மூன்று வெட்டு போட வேண்டும். மரம் எந்தப் பக்கம் விழ வேண்டுமோ அந்தப் பக்கத்தில் முதல் இரண்டு வெட்டு: மேலிருந்து சாய்வாக ஒன்று, கீழே ஒன்று. இரண்டும் உள்ளே ஒரே கோட்டில் சந்தித்தால், தர்பூசணித் துண்டு மாதிரி ஓர் ஆப்புக்கட்டை கழன்று வரும். அந்தத் திறப்பை நாங்கள் வாய் என்போம். மூன்றாவது வெட்டை எதிர்ப்பக்கம், முதுகிலிருந்து வாயை நோக்கிப் போடுகிறோம். அது வாயைத் தொடவே கூடாது. வாய்க்கும் முதுகுவெட்டுக்கும் நடுவே நிற்கும் பட்டைதான் கீல்.

அதன் கனம் எவ்வளவு இருக்க வேண்டும்? அடிமர விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு. நம் மரத்துக்கு ஆறு சென்டிமீட்டர். நீளம் விட்டத்தில் 80 விழுக்காடு, அதாவது 48 சென்டிமீட்டர். இந்த 80 எங்கிருந்து வந்தது என்று ஒரு தம்பி என்னைக் கேட்டிருக்கிறான், நல்ல கேள்வி. 60 சென்டிமீட்டர் வட்டம் ஒன்று வரையுங்கள். விளிம்பிலிருந்து விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 12 சென்டிமீட்டர், உள்ளே போய் ஒரு குறுக்குக்கோடு போடுங்கள். அந்தக் கோட்டின் நீளம் சரியாக 48 வரும். ஆக, வாயின் ஆழத்தை ஐந்தில் ஒரு பங்காக வைத்தாலே கீலின் நீளம் தானாக அமைந்துவிடும். ஆழத்தை அதைவிடக் கொஞ்சம் கூட்டலாம், ஆனால் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஆப்பு அடிக்க முதுகில் இடம் இருக்காது, மரத்தின் பாரமும் வாயை அழுத்தத் தொடங்கிவிடும்.

வாய் எவ்வளவு அகலமாகத் திறக்க வேண்டும் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மரம் சாயச் சாய வாய் மூடிக்கொண்டே வரும். மேலுதடும் கீழுதடும் முட்டிக்கொண்டதும் கீல் முறியும். முறிந்த நொடியிலிருந்து அந்த மரம் உங்கள் பேச்சைக் கேட்காது. 45 பாகை வாய் வைத்தால், மரம் பாதிவழி சாய்ந்ததுமே கீல் போய்விடும். மீதித் தூரத்தை அது தன் இஷ்டத்துக்கு, உருண்டோ திரும்பியோ கடக்கும். 70 பாகைக்குக் குறையாமல், முடிந்தால் 90 பாகைக்குப் பக்கமாக வாயைத் திறந்து வைத்தால், கிளை தரையைத் தொடும்வரை கீல் மரத்தைப் பிடித்திருக்கும். விறகில் கொஞ்சம் வீணாகும். அதைப் பற்றி இந்த ஊரில் யாரும் உங்களிடம் கணக்கு கேட்கப் போவதில்லை.

இன்னொன்று. வாயின் இரண்டு வெட்டும் சந்திக்கும் இடத்தைக் குனிந்து, கையுறையைக் கழற்றி, விரலால் தடவிப் பாருங்கள். இது நான் வாழ்நாள் முழுக்கச் சொன்ன பாடம். ஒரு வெட்டு மற்றதைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் உள்ளே போயிருந்தால் பார்வைக்கு ஒன்றுமே தெரியாது. விரல் நுனிக்கு மட்டும் ஒரு கீறல் தட்டுப்படும். செயின் போன தடம்தானே, எட்டு மில்லிமீட்டர் இடைவெளிதானே என்று நினைப்பீர்கள். மரம் சாயத் தொடங்கியதும் முதலில் மூடுவது அந்த எட்டு மில்லிமீட்டர்தான். நீங்கள் 80 பாகைக்கு அழகாகத் திறந்த பெரிய வாய் அப்படியே திறந்து கிடக்க, உள்ளே இருக்கும் இந்தச் சின்ன வாய் மூடிக்கொண்டு, மரம் செங்குத்தாக நிற்கும்போதே கீலை முறித்துவிடும். அத்தனை உழைப்பையும் ஒரு கீறல் கெடுத்துவிடும். தாண்டிப் போயிருந்தால் வாயைத் திருத்தி வெட்டுங்கள். வெட்கப்பட இதில் எதுவும் இல்லை.

முதுகுவெட்டு வாயின் மூலைக்கோட்டுக்கு நேராகவோ சற்று மேலாகவோ இருக்க வேண்டும். கீழே இறங்கக் கூடாது. ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கவும் கூடாது. கீலின் கனம் இடது வலது இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் பத்து, மறுபக்கம் இரண்டு என்று இருந்தால், கனத்த பக்கம் விடாது, மெல்லிய பக்கம் விட்டுவிடும். மரம் கனத்த பக்கம் திரும்பும்.

வாளை எடுப்பதற்கு முன் மூன்று காரியம். மேலே பாருங்கள், காய்ந்த கிளை தொங்குகிறதா என்று. சுற்றிலும் பாருங்கள், ஓடுவதற்கு வழி இருக்கிறதா என்று. விழும் திசைக்கு நேர் பின்னால் ஓடக் கூடாது, அடிமரம் எகிறிப் பின்னோக்கி வரலாம். பின்பக்கமாக, 45 பாகைச் சாய்வில், இரு பக்கமும் வழி துப்புரவு செய்து வைத்து, மரம் அசைந்ததும் ஐந்து மீட்டருக்குக் குறையாமல் விலக வேண்டும், கண் உச்சியை விட்டு அகலாமல். மூன்றாவது, உயரத்தை அளந்துகொள்ளுங்கள். நீட்டிய கையின் முஷ்டிக்கும் கண்ணுக்கும் உள்ள நீளத்துக்கு ஒரு குச்சி எடுத்து, கையை நீட்டிச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு பின்னால் நடங்கள். குச்சியின் அடி மரத்தின் அடியிலும், குச்சியின் நுனி மரத்தின் நுனியிலும் பொருந்தும் இடத்தில் நில்லுங்கள். நீங்கள் நிற்கும் தூரமே மரத்தின் உயரம். வேலையில் நேரடியாக இல்லாத யாரும் அந்த உயரத்தைப் போல இரு மடங்கு தூரத்துக்கு உள்ளே நிற்கக் கூடாது. நம் மரத்துக்கு 36 மீட்டர்.

இப்போது வடம்.

மரத்தின் பாரம் நாம் நினைக்கும் திசைக்கு எதிராக இருந்தால் என்ன செய்வது? கொஞ்சம்தான் என்றால் ஆப்பு போதும். முதுகுவெட்டில் பிளாஸ்டிக் ஆப்பு ஒன்றைச் செருகி அடித்து, வெட்டை இரண்டரை சென்டிமீட்டர் தூக்கினால், கீலிலிருந்து 45 சென்டிமீட்டர் தள்ளித் தூக்கியிருக்கிறோம், மரம் 18 மீட்டர் உயரம், அதனால் உச்சி ஒரு மீட்டர் முன்னால் நகர்ந்துவிடும். கேட்கும்போது நம்ப முடியாது. ஆப்பின் மகிமை அது. இரும்பு ஆப்பு வேண்டாம், செயின் பட்டால் பல் தெறிக்கும்.

ஆப்புக்கு அடங்காத மரத்துக்கு வடம் போட வேண்டும். எங்கே கட்டுவது என்பதுதான் கேள்வி. மரம் இரண்டு டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பாரம் கீலிலிருந்து 60 சென்டிமீட்டர் பின்னால் விழுகிறது. 2,000 கிலோவை 0.6 மீட்டரால் பெருக்குங்கள், 1,200. இதை நேர் செய்ய, 12 மீட்டர் உயரத்தில் வடம் கட்டினால் நூறு கிலோ இழுவை போதும். மூன்று மீட்டர் உயரத்தில், கை எட்டிய ஏணி உயரத்தில், கட்டினால் நானூறு கிலோ வேண்டும். மரம் அதேதான், ஆள்களும் அவர்களேதான். முடிச்சின் உயரம் மட்டும் மாறியிருக்கிறது. மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குப் பக்கத்தில் கட்டுவது நல்லது. அதற்கும் மேலே போனால் தண்டு மெலிந்துவிடும், இழுக்கும்போது ஒடியலாம்.

அவ்வளவு உயரத்துக்கு ஏற வேண்டியதில்லை. 350, 400 கிராம் எடையுள்ள சின்னப் பை ஒன்று, அதன் காதில் மெல்லிய நூல்கயிறு. ஊஞ்சல் ஆட்டுவது போல இரண்டு ஆட்டு ஆட்டி, கவட்டைக்கு மேலே விட்டெறிய வேண்டும். பை மறுபக்கம் இறங்கியதும் நூலில் பெரிய கயிற்றைக் கட்டி இழுத்து ஏற்றலாம். முதல் நாள் எறியும்போது நாற்பது முறை தவறும், அடுத்த மாதம் மூன்றாவது எறியில் விழும். கயிறு நீளாத ரகமாக இருக்க வேண்டும். ரப்பர் போல நீளும் கயிறு பலத்தைத் தனக்குள் சேர்த்து வைத்திருந்து, அறும்போது சாட்டையாகத் திரும்பி வரும். முடிச்சுக்கு போலைன் முடிச்சே போதும். எவ்வளவு இழுத்தாலும் இறுகிச் சிக்கிக்கொள்ளாது, வேலை முடிந்ததும் கட்டைவிரலால் தள்ளினால் அவிழும்.

நிற்கும் தூரமும் கணக்குதான். 12 மீட்டர் உயரத்தில் கட்டிய கயிற்றை 12 மீட்டர் தள்ளி நின்று இழுத்தால், உங்கள் பலத்தில் 70 விழுக்காடுதான் மரத்தைச் சாய்க்கப் போகும், மீதி மரத்தைத் தரைக்குள் அழுத்தும். அதோடு 18 மீட்டர் மரம் உங்கள் தலைமேல் வரும். 24 மீட்டர் தள்ளிப் போனால் 90 விழுக்காட்டுக்குப் பக்கம் பலன். அதுவும் மரம் விழும் பாதையிலேயே நிற்காதீர்கள். தூரத்தில் உள்ள இன்னொரு திடமான மரத்தின் அடியில் ஒரு கப்பியை மாட்டி, கயிற்றை அதில் திருப்பி, பக்கவாட்டில் நின்று இழுங்கள். ஒன்றுக்கு மூன்று கப்பி அமைத்தால் இரண்டு பேர் இழுப்பது, உராய்வு போக, நாலைந்து பேர் இழுப்பதற்குச் சமம். அந்த இழுப்பு நிதானமாக வரும், வேண்டும்போது நிறுத்தவும் முடியும்.

லாரியில் கட்டி இழுக்கலாமே என்று கேட்பீர்கள். என் ஆரம்ப ஆண்டுகளில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எந்த நிறுவனம், எந்த இடம் என்பது வேண்டாம். நகரத்துக்கு வெளியே ஒரு காலியிடம். மரம் வேலிப்பக்கம் சாய்ந்திருந்தது, நாங்கள் எதிர்ப்பக்கம் விழ வைக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிக்கச் சொல்லி அவசரம். ஏணி எட்டிய உயரத்தில் கயிற்றைக் கட்டினோம். மூன்று மீட்டர் இருக்கும். லாரி இழுத்தது. முதுகுவெட்டு பாதி போயிருந்தபோது மரம் பின்னால் உட்கார்ந்து வாளின் பட்டையைக் கவ்விக்கொண்டது. ஓட்டுநர் இன்னும் அழுத்தினார், ஈரப்புல்லில் சக்கரம் சறுக்கியது, கயிறு ஒரு நொடி தளர்ந்தது. என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த சிவகங்கைப் பையன், தளர்ந்த கயிற்றைச் சேர்த்துப் பிடிப்பதாக நினைத்து உள்ளங்கையைச் சுற்றி ஒரு சுற்றுப் போட்டுக்கொண்டான். அடுத்த நொடி சக்கரத்துக்குப் பிடி கிடைத்துவிட்டது. கீல் ஒரு பக்கம் பிய்ந்து மரம் திரும்பி வேலிமேல் விழுந்தது. பையனின் மணிக்கட்டு எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. மூன்று மாதம் கழித்து ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அவனுடைய அம்மாவிடம் தொலைபேசியில் பேசியது நான்தான்.

வேலிமேல் விழுந்த மரத்தை அன்றைக்கு யாரும் மறக்கவில்லை, எல்லாரும் அதைப் பற்றியே பேசினார்கள். எனக்கு அந்த ஒரு சுற்றுத்தான் நினைவில் நிற்கிறது. கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள். இடுப்பில் கட்டாதீர்கள். பிடியுங்கள், வழுக்கினால் விடுங்கள்.

வடத்தில் இன்னோர் ஆபத்து உண்டு, அதைப் பலர் பார்த்திருக்கவே மாட்டீர்கள். முன்பக்கமே சாய்ந்து நிற்கும் மரத்தையோ, அளவுக்கு மீறிக் கயிற்றை முறுக்கி வைத்த மரத்தையோ வழக்கம்போல் பின்னாலிருந்து வெட்டினால், வெட்டு முடிவதற்கு முன்பே மரம் கிளம்பிவிடும். கீல் வளைய நேரம் இல்லாததால் தண்டு நெடுக்கில் பிளக்கும். பின்பாதி உங்கள் முகத்துக்கு நேராக மேலே எகிறும். இரண்டு மீட்டர், மூன்று மீட்டர் எகிறி, அங்கிருந்து முறிந்து கீழே விழும். எந்தத் தலைக்கவசமும் அதற்குக் காவல் இல்லை. இப்படிப்பட்ட மரத்துக்கு வேறு முறை: வாய் வெட்டியபின், வாளின் நுனியைக் கீலுக்குப் பின்னால் பக்கவாட்டில் குத்தி உள்ளே செலுத்தி, கீலை முதலில் சரியான கனத்துக்குச் செய்துகொள்ள வேண்டும். முதுகில் ஒரு பட்டையை வெட்டாமல் விட வேண்டும். மரம் அந்தப் பட்டையில் பிடித்து நிற்கும். எல்லாம் பார்த்து, எல்லாரும் விலகியபின், கடைசியாக அந்தப் பட்டையை அறுத்துவிட்டு நகர வேண்டும். குத்தும்போது வாள் நுனியின் மேல்பாதி மரத்தைத் தொட்டால் வாள் முகத்துக்கு எகிறும், அதனால் நுனியின் கீழ்ப்பாதியால் தொடங்க வேண்டும். இதை என் பேச்சைக் கேட்டு நாளைக் காலை செய்யாதீர்கள். தெரிந்தவர் பக்கத்தில் நிற்க, படுத்துக் கிடக்கும் கட்டையில் நூறு முறை பழகிய பிறகு செய்யுங்கள்.

பின்வரிசையில் ஓர் அம்மா, சிங்கப்பூரில் மரத்தை இப்படி முழுசாகச் சாய்த்து நான் பார்த்ததே இல்லையே என்று நினைக்கக்கூடும். உண்மைதான். இங்கிருந்து வெளியே போய்ப் பாருங்கள். ரேஸ் கோர்ஸ் சாலையில், சிராங்கூன் சாலையில், கடைவீடுகளும் பேருந்தும் மனிதர்களும் விளக்குக்கம்பமும் இல்லாத 36 மீட்டர் எங்கே இருக்கிறது? ஆகவே சாலையோர மரத்தை மேலிருந்து துண்டு துண்டாக இறக்குகிறோம், தூக்குக்கூடையில் ஆள் நின்று, கிரேனில் கட்டி. ஆனால் அந்த ஒவ்வொரு துண்டிலும் சின்னதாய் ஒரு கீல் இருக்கிறது. கிளையின் அடியில் ஒரு வெட்டு, மேலே சற்றுத் தள்ளி ஒரு வெட்டு, நடுவில் விட்ட நார் கிளையை மெல்ல மடக்கித் தரும். கயிறு அதை இறக்கும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளுக்கு இடையே உள்ள திடல்களிலும், காலி அரசாங்க நிலங்களிலும், காட்டோரங்களிலும் முழுசாகச் சாய்ப்பதும் உண்டு.

மரத்துக்கு மரம் நார் மாறும். நம் ஊரில் தூங்குமூஞ்சி என்போமே, மலாய்க்காரர்கள் அதை ஐந்து மணி மரம் என்பார்கள், மாலையில் இலை மடக்குவதால். 1876ல் இந்தத் தீவுக்கு வந்தது அது. குடைபோல் ஒரு பக்கமே விரிந்து நிற்கும் தூங்குமூஞ்சியின் பாரத்தை அடிமரத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது. சுற்றி நடந்து உச்சியைத்தான் பார்க்க வேண்டும். அங்சானாவைத் தோட்ட நகரத் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் பெரிய போத்துகளாக நட்டு, உடனடி நிழலாக்கினார்கள். அல்பிசியா வேகமாய் வளரும், முறிவதும் சுலபம். அதன் கீலை நம்பி வேலை செய்ய எனக்கு மனம் ஒப்பியதில்லை. தென்னைக்கும் பனைக்கும் வளையமே இல்லை, தனித்தனி நார்க்கற்றைதான், கெட்டியான மரத்தின் கீல் போல அது நிதானமாக மடங்கித் தராது. உளுத்த மரத்துக்குக் கீலே கிடையாது. சுத்தியலால் தட்டிக் கேளுங்கள், டொக்கென்ற ஓசை வந்தால் அங்கே நிறுத்துங்கள். தேசியப் பூங்காக் கழகத்தார் மெல்லிய ஊசித் துளைப்பானையும், ஒலி அலையால் மரத்தின் உள்ளே பார்க்கும் கருவியையும் வைத்திருக்கிறார்கள். அந்த முடிவு வரும்வரை காத்திருப்பது கோழைத்தனம் இல்லை.

மரம் தானாக விழுந்தால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர் பார்த்திருக்கிறது. 2017 பிப்ரவரி 11ஆம் தேதி, பூமலை என்று நாம் சொல்லும் தாவரவியல் தோட்டத்தில், 270 ஆண்டைத் தாண்டிய ஒரு தெம்புசு மரம், 40 மீட்டர் உயரம், ஆறரை மீட்டர் சுற்றளவு, வேரோடு சாய்ந்தது. இந்தியாவிலிருந்து வந்து இங்கே வாழ்ந்த ஒரு பெண் இறந்தார், அவர் குடும்பத்தினர் காயப்பட்டார்கள். மரபுடைமை மரமாக வேலி போட்டுக் காத்த மரம் அது. 2024 செப்டம்பர் 17ஆம் தேதி மாலை, மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசிய சுமத்ராச் சூறைக்காற்றில், 300க்கும் மேற்பட்ட இடங்களில் மரமோ கிளையோ விழுந்தது. அன்றிரவு தூங்காமல் வெட்டி எடுத்தவர்களில் சிலர் இந்த முன்வரிசையிலேயே இருக்கிறார்கள், அவர்களுக்கு என் வணக்கம்.

மரத்தை வெட்டக் கூடாது என்று வாழ்ந்த ஊர்க்காரர்கள் நாம். ஆலமரத்தடியில் தொடங்கிய கோயில்கள் இங்கேயே இருக்கின்றன. வடபத்திரம் என்றாலே ஆலிலை, ஸ்ரீ வடபத்திர காளியம்மன் கோயில் அந்தப் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. தேக்கா என்பதும் ஹொக்கியன் மொழியில் சின்ன மூங்கில்களின் அடி என்பதிலிருந்து வந்த பெயர். வெட்டுவதற்கு முன் அனுமதி வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. மரப் பாதுகாப்பு வட்டாரத்திலும் காலி நிலத்திலும், தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் ஒரு மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை அனுமதியின்றித் தொடக் கூடாது. 2002ல் சாங்கியில் ஹால்ட்டன் சாலையில், இந்தத் தீவில் அரிதாகிப்போன ஒரு சங்கால் மரத்தை, 35 மீட்டர் உயரமானதை, அனுமதியில்லாமல் வெட்டிவிட்டார்கள். பொறுப்பான நிறுவனம் அபராதமாக எட்டாயிரம் வெள்ளியும், மரத்துக்கு இழப்பீடாக 76,000 வெள்ளிக்கு மேலும் கட்டியது. வெட்டிய கையும் நம்மைப் போன்ற ஒரு கைதானே, அதற்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அனுமதித்தாளைக் காட்டச் சொல்லிச் சூப்பர்வைசரிடம் கேட்பது உங்கள் உரிமை.

விழுந்து கிடக்கும் மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிற்கிற மரத்தைவிட அது பொல்லாதது. 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியலில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது நான் விடுப்பில் ஊரில் இருந்தேன். காலையில் பார்த்தால் தென்னந்தோப்பு முழுக்கப் பாய் விரித்த மாதிரி கிடந்தது. சித்தப்பா மகன் ஒரு வாடகை செயின்சா வாங்கி வந்து, சாய்ந்து கிடந்த மரத்தை அடியிலிருந்து ஒரு மீட்டரில் அறுத்தான். அறுத்து முடித்ததும் மேல்பாரம் போன வேர்த்தட்டு, அடிக்கட்டையோடு, அப்படியே நிமிர்ந்து பழைய குழிக்குள் உட்கார்ந்தது. ஐந்து நிமிடத்துக்கு முன்புதான் அந்தக் குழிக்குள் அவனுடைய சின்ன மகன் இறங்கித் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தான். பையனை அவன் அம்மா கஞ்சி குடிக்கக் கூப்பிட்டிருந்தாள். அவ்வளவுதான் நடந்தது. வளைந்து கிடக்கும் மரத்தில் ஒரு பக்கம் இழுபட்டிருக்கும், மறுபக்கம் அழுந்தியிருக்கும். அழுந்திய பக்கம் வெட்டினால் வாளைக் கவ்வும், இழுபட்ட பக்கம் வெட்டினால் வெடித்துத் திறக்கும். அழுந்திய பக்கம் கொஞ்சம், பிறகு இழுபட்ட பக்கம் மெல்ல மெல்ல. வேர்த்தட்டு முன்னால் யாரையும் நிற்க விடாதீர்கள். குழந்தைகளை முதலில் தோப்பைவிட்டு அனுப்புங்கள்.

கடைசியாக ஒன்று, மொழியைப் பற்றி. நம் வேலையிடத்தில் தமிழர் இருப்போம், வங்காளத் தம்பிகள் இருப்பார்கள், மியன்மார்க்காரர் இருப்பார், மலாய்க்கார ஓட்டுநர் இருப்பார், சீன மேற்பார்வையாளர் இருப்பார். செயின்சா ஓடும்போது காதில் மூடி போட்டிருப்போம். நான் அவசரத்தில் இழு என்று கத்தினால், அதை அந்த வங்காளத் தம்பி என்னவென்று எடுத்துக்கொள்வான்? விடு என்பதும் இழு என்பதும் அவன் காதுக்கு ஒன்றுபோலத்தான் விழும். நான் என் கூட்டத்தில் வாய்ச்சொல்லையே நிறுத்திவிட்டேன். ஒரு விசில் என்றால் நிறுத்து. இரண்டு விசில், இழு. மூன்று விசில், மரம் போகிறது, விலகு. நிறுத்து விசிலை மட்டும் யார் வேண்டுமானாலும் ஊதலாம், நேற்று வந்து சேர்ந்தவனும் ஊதலாம், அதற்காக யாரையும் நான் கடிந்ததில்லை. வேலை தொடங்கும் முன் ஒவ்வொருவரும் இந்த மூன்றையும் தன் மொழியில் சொல்லிக் காட்ட வேண்டும். அதைக் கேட்க ஐந்து நிமிடம் ஆகும். செயின்சாவுக்குப் பெட்ரோல் ஊற்ற ஆகும் நேரம்.

மரம் விழுந்து, எல்லாரும் கிளை வெட்டப் போன பிறகு, அடிக்கட்டையைப் போய்ப் பாருங்கள். கீலின் நார் அங்கே சீப்புப் பல் மாதிரி நிற்கும். இடது வலது ஒன்றாக இருக்கிறதா, கனம் எவ்வளவு, வெட்டு சமமாய் வந்திருக்கிறதா, எல்லாம் அங்கே எழுதியிருக்கும். நான் சாக்கட்டியால் அளவைக் கட்டையிலேயே எழுதுவேன். போன ஆண்டு என்னோடு ஒரு நாள் வேலைக்கு நின்ற அறந்தாங்கித் தம்பி ஒருவன், தான் முதன்முதலில் தனியாகச் சாய்த்த மரத்தின் அடிக்கட்டையைப் படமெடுத்து, பக்கத்தில் தன் கட்டைவிரலையும் வைத்து, ஊருக்குத் தன் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அவர் 40 ஆண்டு சவுக்குத் தோப்புகளில் மரம் வெட்டியவர். சாப்பாட்டு நேரத்தில் அவர் குரல்பதிவு வந்தது. தம்பி ஒலிபெருக்கியில் போட்டான், நாங்கள் எல்லாரும் கேட்டோம். பின்வெட்டு இடப்பக்கம் ஒரு விரக்கடை இறங்கியிருக்குப்பா, நீ வலதுகால ஊனி நிக்கிற பழக்கம், அதுதான் காரணம், அடுத்த மரத்துல காலை மாத்தி நின்னு பாரு, என்றார். தம்பி போய் அடிக்கட்டையில் டேப்பை வைத்து அளந்தான். ஒன்றரை சென்டிமீட்டர் இறங்கியிருந்தது.